சர்வருக்கு ரெண்டு கார்டு, எனக்கு ஒரு பாடம்

(மூன்றாம் ஆண்டு மாணவன், கணிப்பொறித் துறை)



மலருக்கு ஏதாவது எழுதிக் கொடு என்று நம் யூனியன் செயலாளர் கேட்டபோது, கவிதை எழுதலாமா, நட்பைப் பற்றி எழுதலாமா என்று ரெண்டு நாள் யோசித்தேன். ரெண்டுக்கும் ஏற்கெனவே ஆள் இருக்கிறார்களாம். "நீ லேப்புல பண்ணின வேலையையே எழுதேன்டா" என்று சிரித்தான். அவன் கிண்டலுக்குத்தான் சொன்னான். நான் நிஜமாகவே எழுதிவிட்டேன். கம்ப்யூட்டர் துறை இல்லாத நண்பர்களும் பயப்படாமல் படிக்கலாம். கூட்டல் கழித்தல் தெரிந்தால் போதும்.

மார்க் வந்த கதை

எங்கள் வீட்டில் பத்தாவது தாண்டிய முதல் ஆள் நான். அப்பா கொத்தனார். அம்மா அவர் கூடவே சித்தாள் வேலைக்குப் போகிறார். பாடத்தில் சந்தேகம் வந்தால் வீட்டில் யாரைக் கேட்பது? வகுப்பில் கேட்கவும் வெட்கம். அதனால் எனக்கு ஒரு பழக்கம் ஒட்டிக்கொண்டது. புரிந்தால் சரி, புரியாவிட்டால் மனப்பாடம். நெட்வொர்க் பாடத்தில் டெஸ்டுக்கு 50க்கு 46 வாங்கினேன். சப்நெட் மாஸ்க் என்றால் 255.255.255.0 என்று தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வேன். அந்த 46தான் என்னைக் கெடுத்தது.

எங்கள் துறையில் ரெண்டு லேப். லேபுக்கு 30 கம்ப்யூட்டர். ரெண்டுக்கும் சேர்த்து ஒரே சர்வர், ஒரே நெட்வொர்க். ஒரு நாள் ஒரு தம்பி விளையாட்டாகத் தன் கம்ப்யூட்டருக்கு சர்வரின் நம்பரையே போட்டுவிட்டான். ரெண்டு லேபும் தடுமாறி நின்றுவிட்டது. "இனி ரெண்டையும் பிரிச்சுடுவோம். ஒண்ணு படுத்தாலும் இன்னொண்ணு ஓடட்டும்" என்று சார் முடிவு செய்தார். சர்வரில் ரெண்டாவதாக ஒரு நெட்வொர்க் கார்டு மாட்டினார்கள். மார்க் வாங்கியவன் என்பதால் லேப் அண்ணனுக்கு உதவியாக என்னை அனுப்பினார்.

சனிக்கிழமை சாயங்காலம். லேப் கம்ப்யூட்டர்களில் நம்பர் மாற்றும் வேலையை அண்ணன் எடுத்துக்கொண்டார். சர்வரில் நான் உட்கார்ந்தேன். ரெண்டு கார்டுக்கும் நம்பர் கொடுத்தேன். லேப் 1-ல் ஒரு கம்ப்யூட்டரிலிருந்து பார்த்தேன். சர்வர் வந்தது. "முடிஞ்சுதாப்பா?" என்றார் அண்ணன். "முடிஞ்சுதுண்ணா" என்றேன். பஸ்ஸைப் பிடிக்க ஓடினேன். திங்கட்கிழமை காலையில் மாடல் பிராக்டிகல்.

திங்கட்கிழமை என்ன நடந்தது என்று சொல்வதற்கு முன், பாடத்தைச் சொல்லிவிடுகிறேன். தப்பு எங்கே என்பதை நீங்களே கண்டுபிடித்துவிடலாம்.

நம்பர் யாருக்கு?

கம்ப்யூட்டர்களைக் கேபிளால் இணைக்கும் ஈத்தர்நெட் முறை 1973-ல் அமெரிக்காவில் ஜெராக்ஸ் கம்பெனியின் ஆய்வுக்கூடத்தில் உருவானது. ராபர்ட் மெட்காஃப் என்பவர் அதில் முக்கியமானவர். ஒவ்வொரு ஈத்தர்நெட் கார்டுக்கும் தொழிற்சாலையிலேயே 48 பிட் கொண்ட ஒரு நம்பர் பதித்து அனுப்புகிறார்கள். அதுதான் மேக் முகவரி. நாம் கொடுக்கிற நம்பர் வேறு. அது ஐ.பி. முகவரி, 32 பிட். 1981-ல் வகுத்த அந்த முறையைத்தான் நம் லேபில் இன்றும் பயன்படுத்துகிறோம். 32 பிட்டை எட்டு எட்டாகப் பிரித்து, நடுவே புள்ளி வைத்து, 192.168.10.1 என்று எழுதுகிறோம். எட்டு பிட்டில் 0 முதல் 255 வரைதான் எழுத முடியும். ஆகவே 192.168.10.300 என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள்.

இங்கே ஒன்றை மனதில் வையுங்கள். கம்ப்யூட்டருக்கு நம்பர் என்று நாம் பேச்சுக்குச் சொல்கிறோம். உண்மையில் நம்பர் கார்டுக்குத்தான். சர்வரில் ரெண்டு கார்டு இருந்தால் ரெண்டு நம்பர் வேண்டும்.

192.168 என்று ஏன் எல்லா இடத்திலும் ஒரே மாதிரி வருகிறது என்று எனக்கு ரொம்ப நாள் சந்தேகம். கல்லூரி, ஆபீஸ், வீடு என்று உள்ளுக்குள்ளே யார் வேண்டுமானாலும் பயன்படுத்திக்கொள்ள மூன்று தொகுதிகளை 1994-ல் ஒதுக்கிவைத்தார்கள். 10 என்று ஆரம்பிப்பவை எல்லாம் ஒன்று. 172.16 முதல் 172.31 வரை இன்னொன்று. 192.168 மூன்றாவது. இவை வெளி இன்டர்நெட்டில் செல்லாது. ஊருக்கு ஊர் காந்தி தெரு இருப்பதைப் போல இதையும் எத்தனை இடத்திலும் வைத்துக்கொள்ளலாம்.

மாஸ்க் என்ன செய்கிறது?

நான் 46 மார்க் வாங்கியும் தெரிந்துகொள்ளாத இடம் இதுதான்.

ஒரு கம்ப்யூட்டர் இன்னொன்றுக்கு ஏதாவது அனுப்பும் முன் தனக்குத்தானே ஒரு கேள்வி கேட்கிறது: "இவன் என் பக்கத்து ஆளா, வெளி ஆளா?" பக்கத்து ஆள் என்றால், ஹாஸ்டல் வராந்தாவில் நின்று கூப்பிடுகிற மாதிரி, "192.168.10.20 யாருப்பா?" என்று எல்லோருக்கும் கேட்கும்படி கத்துகிறது. உரியவன் தன் மேக் முகவரியைச் சொல்கிறான். இதற்கு ஏ.ஆர்.பி. என்று பெயர். 1982-ல் வந்தது. வெளி ஆள் என்றால் கத்திப் பிரயோஜனம் இல்லை. வாசலில் இருக்கிற கேட்வேயிடம் கொடுத்துவிட வேண்டும்.

பக்கத்து ஆளா, வெளி ஆளா என்று முடிவு செய்ய உதவுவதுதான் சப்நெட் மாஸ்க். மாஸ்க்கில் 1 இருக்கிற பிட் வரை நெட்வொர்க் நம்பர். 0 இருக்கிற பிட் எல்லாம் ஆள் நம்பர். 255.255.255.0 என்றால் முதல் 24 பிட்டும் 1. அதைத்தான் சுருக்கமாக /24 என்று எழுதுகிறோம். /25 என்றால் இன்னும் ஒரு பிட் கூட, அதாவது 255.255.255.128.

இந்த முடிவை ஒவ்வொரு கம்ப்யூட்டரும் தன் மாஸ்க்கை மட்டும் வைத்துத் தனியாக எடுக்கிறது. மற்றவன் மாஸ்க் என்ன என்று கேட்பது கிடையாது. ஒருவனுக்கு மாஸ்க் தப்பானால், வெளி ஆளைப் பக்கத்து ஆள் என்று நினைத்துக் கத்திக்கொண்டே இருப்பான். பதில் வராது. கார்டு நல்ல கார்டுதான், கேபிளும் நல்ல கேபிள்தான். ஆனாலும் வேலை நடக்காது.

192-ல் ஆரம்பித்தால் 'சி' வகுப்பு, அதற்கு மாஸ்க் 255.255.255.0 என்று படித்திருப்போம். அந்த வகுப்பு முறையை விட்டு, எத்தனை பிட் வேண்டுமோ அத்தனையில் வெட்டிக்கொள்ளலாம் என்ற முறை 1993-லேயே வந்துவிட்டது. நான் மனப்பாடம் செய்தது நான் பிறப்பதற்கு முன்பே காலாவதியான கணக்கு!

விரல்விட்டு எண்ணும் கணக்கு

பரீட்சைக்கும் வேலைக்கும் உதவும் ஒரு சுலப வழி சொல்கிறேன். மாஸ்க்கின் கடைசி எண்ணை 256-லிருந்து கழியுங்கள். வருவதுதான் ஒரு துண்டின் அளவு.

/24 : மாஸ்க் முடிவு 0, துண்டு 256, ஆட்கள் 254
/25 : மாஸ்க் முடிவு 128, துண்டு 128, ஆட்கள் 126
/26 : மாஸ்க் முடிவு 192, துண்டு 64, ஆட்கள் 62
/27 : மாஸ்க் முடிவு 224, துண்டு 32, ஆட்கள் 30
/28 : மாஸ்க் முடிவு 240, துண்டு 16, ஆட்கள் 14

ஆட்களில் ஏன் ரெண்டு குறைகிறது? துண்டின் முதல் எண் நெட்வொர்க்கின் பெயர். கடைசி எண் எல்லோருக்கும் சேர்த்து அனுப்பும் பிராட்காஸ்ட். ரெண்டையும் யாருக்கும் கொடுக்கக் கூடாது.

உதாரணம்: 192.168.10.77/26. துண்டு 64. அப்படியானால் 0, 64, 128, 192 என்று துண்டுகள் ஆரம்பிக்கும். 77 என்பது 64-க்கும் 128-க்கும் நடுவில். ஆகவே நெட்வொர்க் 192.168.10.64. பிராட்காஸ்ட் 192.168.10.127. கொடுக்கக்கூடிய நம்பர்கள் 65 முதல் 126 வரை. நம்பிக்கை இல்லாதவர்கள் பைனரியில் போட்டுப் பாருங்கள். 77 என்பது 01001101. 192 என்பது 11000000. ரெண்டிலும் 1 இருக்கும் இடத்தில் மட்டும் 1 போட்டால் 01000000. அதாவது 64.

/27-ல் 30 ஆட்கள் என்று பார்த்ததும், "நம் லேபில் 30 கம்ப்யூட்டர்தானே, சரியாக இருக்கே" என்று தோன்றும். ஏமாந்துவிடாதீர்கள். சர்வரின் கார்டுக்கும் அந்தத் துண்டில் ஒரு நம்பர் வேண்டும். மொத்தம் 31 ஆகிவிடும்.

அதனால்தான் சார் தாராளமாக /25 என்று தாளில் எழுதிக் கொடுத்திருந்தார். லேப் 1-க்கு 192.168.10.0/25, சர்வரின் முதல் கார்டு 192.168.10.1. லேப் 2-க்கு 192.168.10.128/25, சர்வரின் ரெண்டாவது கார்டு 192.168.10.129. தாள் என் சட்டைப் பையில்தான் இருந்தது. நம்பர்களைப் பார்த்துப் பார்த்து அடித்தேன். மாஸ்க் வந்த இடத்தில் மட்டும் தாளைப் பார்க்கவில்லை. கை தானாக 24 என்று அடித்தது. ரெண்டு கார்டுக்கும்!

திங்கட்கிழமை

காலை ஒன்பதரை. எனக்கு லேப் 1. என் கம்ப்யூட்டரில் சர்வர் ஃபோல்டர் திறந்தது. கேள்வியும் வந்தது. கதவுக்கு அந்தப் பக்கம் லேப் 2-ல் சத்தம் கேட்டது. 30 கம்ப்யூட்டரில் ஒன்றில்கூட ஃபோல்டர் திறக்கவில்லை.

ஹெச்.ஓ.டி. மேடம் வந்தார். "சனிக்கிழமையே ரெடின்னு சொன்னீங்களே, இப்ப பசங்க எப்படி பிராக்டிகல் பண்ணுவாங்க?" என்று அண்ணனை எல்லோர் முன்னாலும் கேட்டார். அண்ணன் ஒப்பந்த வேலையில் இருப்பவர். வருஷா வருஷம் கையெழுத்து வாங்க வேண்டும். அவர் திறந்திருந்த கதவு வழியாக என்னை ஒரு தடவை பார்த்தார். "பார்க்குறேன் மேடம்" என்றார். அவ்வளவுதான். என் பெயரைச் சொல்லவில்லை.

நான் எழுந்திருக்கவில்லை. இருபது நிமிஷம் உட்கார்ந்தே இருந்தேன். எழுதுவது போல நடித்தேன். "இவனுக்குப் போய் 46 போட்டோமே" என்று சார் நினைப்பாரோ என்ற பயம். தெரியாமல்தான் செய்தேன் என்று ஒத்துக்கொண்டால் அப்புறம் என்னை எதற்கும் கூப்பிட மாட்டார்கள் என்ற பயம். அண்ணன் மேஜைக்கு அடியில் குனிந்து கேபிளை ஒவ்வொன்றாகப் பிடுங்கி மாட்டிக்கொண்டிருந்தார். தப்பு கேபிளில் இல்லை என்று எனக்கு உள்ளுக்குள் தெரிந்தது. அதற்கு மேல் உட்கார முடியவில்லை.

"மேடம், சர்வர்ல நம்பர் போட்டது நான். லேப் 2-லேர்ந்து டெஸ்ட் பண்ணலை" என்றேன்.

திட்டுவார் என்று எதிர்பார்த்தேன். "சரி, தப்பு எங்கேன்னு காட்டு" என்றார். அதைக் காட்டத் தெரியாமல் நின்றேன். திட்டியிருந்தால்கூட அவ்வளவு வலித்திருக்காது. அண்ணன் எழுந்து கையைத் துடைத்துக்கொண்டு வந்து, 'ஐபி ரூட்' என்று அடித்தார். "ரெண்டு வரியையும் சத்தமாப் படி" என்றார்.

படித்தேன். முதல் வரி: 192.168.10.0/24, முதல் கார்டு. ரெண்டாவது வரி: 192.168.10.0/24, ரெண்டாவது கார்டு.

படிக்கும்போதே புரிந்துவிட்டது. சர்வரைப் பொறுத்தவரை ரெண்டு கார்டும் ஒரே நெட்வொர்க். லேப் 2-லிருந்து 192.168.10.140 கேள்வி கேட்கிறான். சர்வருக்கும் கேட்கிறது. பதில் அனுப்பும்போது ரெண்டு வழியும் ஒரே மாதிரி இருப்பதால், முதலில் இருக்கிற முதல் கார்டு வழியாக, லேப் 1 பக்கம் போய்க் கத்துகிறது. அங்கே 140 இல்லை. லேப் 2-க்குப் பதில் போகவே இல்லை. லேப் 1-க்கு மட்டும் எல்லாம் சரியாக இருந்ததும் இதனால்தான்.

24 இருந்த இடத்தில் 25, ரெண்டு இடத்தில் மாற்றினேன். இப்போது 'ஐபி ரூட்' அடித்தால் 192.168.10.0/25 ஒரு கார்டு, 192.168.10.128/25 இன்னொரு கார்டு. ஐந்து நிமிஷம்கூட ஆகவில்லை. லேப் 2 பிராக்டிகல் பத்தே முக்காலுக்கு ஆரம்பித்தது. அண்ணனிடம் மேடம் பிறகு தனியாகப் பேசினார். அண்ணன் இன்னும் நம் லேபில்தான் இருக்கிறார்.

நீங்கள் செய்யும்போது

சர்வரில் உட்காரும் வாய்ப்பு நமக்கெல்லாம் எப்போதாவது கிடைக்கும். அப்போது உதவும் என்று வரிசையாகத் தருகிறேன். நம் சர்வரில் இருப்பது உபுண்டு லினக்ஸ். (கட்டளைகளைத் தமிழில் எழுதியிருக்கிறேன். கீபோர்டில் ஆங்கிலத்தில்தான் அடிக்க வேண்டும்!)

1. முதலில் தாளில் படம் போடுங்கள். எந்தக் கார்டு எந்த லேபுக்கு, நம்பர் என்ன, மாஸ்க் என்ன. தாளில் இல்லாததை மெஷினில் அடிக்காதீர்கள்.

2. எந்தக் கார்டு எது என்று உறுதி செய்யுங்கள். 'ஐபி லிங்க்' அடித்துவிட்டு ஒரு கேபிளைப் பிடுங்கி, மறுபடி அடியுங்கள். 'நோ கேரியர்' என்று எதில் வருகிறதோ அதுதான் அந்தக் கார்டு. உடனே டேப் ஒட்டிப் பெயர் எழுதிவிடுங்கள்.

3. சர்வருக்கு நம்பர் நிலையாக இருக்க வேண்டும். 'ஐபி அட்ரஸ் ஆட்' என்று அடித்துக் கொடுத்த நம்பர், கரண்ட் போய் வந்தால் காணாமல் போய்விடும். நிலையாக இருக்க, இடிசிக்குள் நெட்பிளான் என்ற டைரக்டரியில் உள்ள ஃபைலில் எழுத வேண்டும். அந்த ஃபைலில் வரியைத் தள்ளி எழுத ஸ்பேஸ் மட்டும்தான் பயன்படுத்த வேண்டும். டாப் கீ தட்டினால் ஏற்காது.

4. எழுதியதும் 'நெட்பிளான் டிரை' கொடுங்கள். 120 விநாடிக்குள் நீங்கள் என்டர் தட்டி உறுதி செய்யாவிட்டால் பழைய நிலைக்கே தானாகத் திரும்பிவிடும். இன்னொரு அறையிலிருந்து சர்வரை மாற்றுகிறவர்களுக்கு இது தெய்வம் மாதிரி. இல்லாவிட்டால் உள்ளே இருந்துகொண்டு வெளியே பூட்டுப் போட்ட கதையாகிவிடும்.

5. ரெண்டு கார்டுக்கும் ஒரே சப்நெட் கொடுக்காதீர்கள். கேட்வேயும் ஒரு கார்டுக்கு மட்டும்தான், அதுவும் வெளியே போகும் பக்கம் உள்ள கார்டுக்கு. நம் லேப் சர்வர் போல வெளி இணைப்பே இல்லை என்றால் கேட்வே தேவையே இல்லை.

6. லேப் 1 கம்ப்யூட்டர் லேப் 2 கம்ப்யூட்டரோடு பேச வேண்டும் என்றால், ரெண்டு கார்டு இருந்தால் மட்டும் போதாது. ஒரு பக்கம் வந்ததை மறுபக்கம் தள்ளிவிடும்படி சர்வரில் 'ஐபி ஃபார்வர்டு' என்பதை 1 ஆக்க வேண்டும். லேப் 1-க்குக் கேட்வே 192.168.10.1, லேப் 2-க்கு 192.168.10.129 என்றும் கொடுத்திருக்க வேண்டும்.

7. கடைசியாக 'ஐபி அட்ரஸ்', 'ஐபி ரூட்' ரெண்டையும் அடித்து, வந்ததை வாய்விட்டுப் படியுங்கள். விண்டோஸில் 'ஐபிகான்ஃபிக்', 'ரூட் பிரிண்ட்'. பிறகு ஒவ்வொரு பக்கத்திலிருந்தும் பிங் கொடுங்கள். ஒரு கம்ப்யூட்டரில் 169.254 என்று ஆரம்பிக்கும் நம்பர் தெரிந்தால், அதற்கு யாரும் நம்பர் தரவில்லை, தானே ஒன்றை வைத்துக்கொண்டிருக்கிறது என்று அர்த்தம்.

அப்பா கேட்ட கேள்வி

அன்றைக்கு ராத்திரி சாப்பிடும்போது முகம் சரியில்லை என்று அம்மா கேட்டார். சொல்லிவிட்டேன். கார்டு, மாஸ்க் எல்லாம் அவர்களுக்கு என்ன புரியப்போகிறது என்றுதான் நினைத்தேன். அப்பா சாதத்தைப் பிசைந்துகொண்டே, "ரெண்டு பக்கமும் வேலை செஞ்சுட்டு ஒரு பக்கம் மட்டும் பார்த்துட்டு வந்தியாக்கும்?" என்றார். "ரசமட்டத்தை ஒரு முனையில வெச்சுப் பார்த்துட்டு சாரத்தை விட்டு இறங்கினா மேஸ்திரி என்னை விடுவாரா?"

46 மார்க் வாங்கிய எனக்குத் தோன்றாதது அவருக்குத் தோன்றியது. வீட்டில் கேட்க ஆள் இல்லை என்று மூன்று வருஷமாக நானே முடிவு செய்துகொண்டு, வாயைத் திறக்காமல் இருந்துவிட்டேன்.

நண்பர்களே, என்னைப் போல முதல் ஆளாகப் படிக்க வந்தவர்கள் நம்மில் நிறையப் பேர் இருக்கிறோம். தெரியவில்லை என்றால் தெரியவில்லை என்று சொல்லுங்கள். செய்து முடித்தால் ரெண்டு முனையிலும் மட்டம் பாருங்கள். நம் தப்புக்கு இன்னொருவர் தலைகுனிந்து நிற்கும்போது இருபது நிமிஷம் உட்கார்ந்திருக்காதீர்கள். அந்த இருபது நிமிஷம்தான் எனக்கு இன்னும் உறுத்துகிறது.

போகும் முன் ஒரு கணக்கு. 10.20.30.200/27. நெட்வொர்க் எது, பிராட்காஸ்ட் எது, எந்த நம்பர்களைக் கொடுக்கலாம்? விடையைப் பார்க்காமல் போட்டுப் பாருங்கள்.

(விடை: துண்டு 32. நெட்வொர்க் 10.20.30.192. பிராட்காஸ்ட் 10.20.30.223. கொடுக்கக்கூடியவை 193 முதல் 222 வரை. தப்பாக வந்தவர்கள் லேப் 1-க்கு வாருங்கள், சேர்ந்து போடலாம். எனக்கும் முதல் தடவை தப்பாகத்தான் வந்தது.)